ஒரே எண், வேறு கிணறு: சுரங்கப் பகுதி நீர்க் கண்காணிப்பில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

நெய்வேலி சுரங்கங்களை ஒட்டிய ஊர்களில் தண்ணீரைச் சோதிக்கக் கிளம்பிய கல்லூரிப் பிள்ளைகள் சிலரோடு போன மாதம் இரண்டு நாள் சுற்றினேன். ஆர்வத்துக்கும் உழைப்புக்கும் குறைவில்லை. ஆனால் பதிவேட்டை வாங்கிப் பார்த்ததும் மனம் கனத்துவிட்டது. பதினைந்து வருடத்துக்கு முன் நான் செய்த அதே பிழைகள். பாட்டிலைக் கழுவுவது, எண் ஒட்டுவது எல்லாம் எந்தக் கையேட்டிலும் இருக்கிறது, அவற்றை விட்டுவிடுகிறேன்.

ஆழம் எழுதாத பதிவேடு

இதை மட்டும் நீட்டித்தான் சொல்ல வேண்டும். நெய்வேலியில் பழுப்பு நிலக்கரிக்கு அடியில் இருக்கும் மணல் அடுக்கில் தண்ணீர் பெரும் அழுத்தத்தோடு நிற்கிறது. அந்த அழுத்தத்தைக் குறைக்காவிட்டால் சுரங்கத்தின் தரையைப் பிளந்துகொண்டு பொங்கிவிடும். அதனால் 1960-களின் தொடக்கத்தில் நிலக்கரி வெட்ட ஆரம்பித்த காலத்திலிருந்தே அடிநீரை இரவு பகலாக இறைத்து வருகிறார்கள். ஊரிலுள்ள திறந்த கிணறுகளும் பெரும்பாலான கைப்பம்புகளும் எடுப்பது மேல் அடுக்கின் நீரை. அதில் வயல் உரம், சாக்கடை, சுரங்கத்திலிருந்து வெட்டிக் கொட்டிய மண்மேட்டுக் கசிவு எல்லாம் கலக்கும். ஆழமான போர்கள் (ஆழ்துளைக் கிணறுகள்) எடுக்கும் அடிநீரோ பொதுவாக உப்புக் குறைந்தது. ஒரே தோட்டத்தில் பத்தடி தள்ளி இருந்தாலும் இரண்டும் ஒரே தண்ணீர் அல்ல.

என் பதிவேட்டில் கிணறு 7 என்று ஒன்று இருந்தது. முதல் வருடக் கோடையில் மாதிரி எடுத்தேன். அடுத்த கோடையில் அதே நிலம், அதே மோட்டார் கொட்டகை. கரைந்த உப்பின் அளவைக் காட்டும் மின்கடத்துதிறன் பாதிக்கும் கீழே இறங்கியிருந்தது, உரத்திலிருந்தும் சாக்கடையிலிருந்தும் வரும் நைட்ரேட் ஏறக்குறைய காணாமல் போயிருந்தது. "நீரின் தரம் மேம்பட்டிருக்கிறது" என்று எழுதி, ஊர்க் கூட்டத்தில் வாசித்தும் காட்டினேன். நிலத்துக்காரம்மா எழுந்தார். "தண்ணி நல்லாத்தான் இருக்கு தம்பி. பழைய போரு வத்திப்போச்சு. தோட்டை அடகு வச்சுப் பக்கத்துலயே புதுசா ஆழமா எறக்குனேன். அதை எழுதலியா?"

எழுதவில்லை. ஆழம் என்ற கட்டமே என் பதிவேட்டில் இல்லை. அப்புறம் பன்னிரண்டு கிணறுகளுக்கும் திரும்பப் போய் விசாரித்தேன். ஐந்தில் போரை மாற்றியிருந்தார்கள், அல்லது ஆழப்படுத்தியிருந்தார்கள். இரண்டு வருட முடிவுகளை ஒப்பிடவே முடியாமல் போனது, ஆய்வகத்துக்குக் கட்டிய பணமும் வீண். அதற்குள் அந்த அறிக்கை ஒரு மனுவோடு சேர்ந்து அலுவலகம் ஒன்றுக்குப் போய்விட்டது. "மேம்பட்டிருக்கிறது" என்ற வரியைத்தான் அங்கே திரும்பத் திரும்ப எங்களுக்கு எடுத்துக் காட்டினார்கள். கிணறு வற்றிய ஊருக்குத் தண்ணீர் நன்றாகிவிட்டது என்று என் கையாலேயே சான்று எழுதிக் கொடுத்திருக்கிறேன். இன்று நினைத்தாலும் எரிச்சலாக இருக்கிறது.

எனவே ஒவ்வொரு முறையும் மொத்த ஆழம், கேசிங் பைப் (போரின் சுவர் சரியாமல் இறக்கும் குழாய்) எதுவரை இறங்கியிருக்கிறது, போர் போட்ட வருடம், மோட்டார் தொங்கும் ஆழம், அன்றைய நீர்மட்டம் ஐந்தையும் எழுதுங்கள். நீர்மட்டத்தை மோட்டாரை நிறுத்திச் சற்றுநேரம் விட்டு அளக்க வேண்டும். போன தடவைக்கு அப்புறம் போரை இறக்கினார்களா என்று வாய்விட்டுக் கேளுங்கள். புதிய போருக்குப் புதிய எண். பழைய எண்ணுக்கு நேரே "வற்றியது" என்று தேதியோடு எழுதுங்கள். மாதிரி எடுக்க முடியாவிட்டாலும் அது ஒரு முடிவுதான். வீட்டுக்காரருக்கு ஆழம் நினைவில்லை என்றால் போர் போட்டவரைத் தேடிப் பிடியுங்கள். எத்தனையாவது அடியில் களிமண், எங்கே மணல் என்பதுவரை சொல்லிவிடுவார்.

சல்பேட் ஏறினால் சுரங்கம்தான் என்று முடிவுகட்டுவது

நிலக்கரியோடு இருக்கும் பைரைட் என்ற இரும்பு, கந்தகக் கனிமம் காற்றும் நீரும் பட்டால் ஆக்சிஜனேற்றம் அடைந்து சல்பேட்டையும் அமிலத்தையும் தரும். உண்மைதான். ஆனால் கடலூர் மாவட்டத்தில் நிலக்கடலை வயலுக்கு ஜிப்சம் போடுகிறார்கள். ஜிப்சம் என்பது கால்சியம் சல்பேட். பக்கத்தில் என்ன பயிர் என்று எழுதாமல் வந்தால் ஜிப்சத்தின் பழியைச் சுரங்கத்தின் மேல் போட்டுவிடுவீர்கள். அந்த ஒரு பிழை போதும், சரியான முடிவுகளையும் யாரும் நம்ப மாட்டார்கள். கடலோர ஊர்களில் குளோரைடையும் சேர்த்துப் பாருங்கள். கடல்நீரில் குளோரைடு சல்பேட்டைப்போல ஏழு மடங்கு இருக்கும். சல்பேட் மட்டும் தனியாக ஏறியிருந்தால் அது கடல் தந்ததல்ல.

தரநிலைக்குள் இருக்கிறது என்று விட்டுவிடுவது

குடிநீருக்கான இந்தியத் தரநிலை சல்பேட்டுக்கு லிட்டருக்கு 200 மி.கி. என்கிறது, வேறு நீராதாரம் இல்லாவிட்டால் 400 வரை. 30-இல் இருந்த கிணறு மூன்று வருடத்தில் 150 ஆனால் அது தரநிலைக்குள்தான் இருக்கிறது. ஆனால் ஐந்து மடங்காகியிருக்கிறது. நாம் தேடுவது அந்த மாற்றத்தைத்தான்.

அமிலம் சேர்க்காத பாட்டில்

எடுக்கும்போது கண்ணாடிபோல இருந்த போர்த் தண்ணீர் ஆய்வகம் போய்ச் சேர்வதற்குள் அடியில் செம்பழுப்பாகப் படிந்திருக்கும். அதுதான் இரும்பு. மேலே தெளிந்ததை மட்டும் அளந்துவிட்டு இரும்பே இல்லை என்பார்கள். உலோகங்களுக்கென்று தனிப் பாட்டில் வையுங்கள். கரைந்த உலோகம் வேண்டுமென்றால் 0.45 மைக்ரான் வடிகட்டியில் அங்கேயே வடித்து, பிஎச் (அமிலத்தன்மையைக் காட்டும் அளவு) 2-க்குக் கீழே வரும்வரை நைட்ரிக் அமிலம் விடுங்கள். வடிக்காமல் அமிலம் விட்டால் கலங்கலில் இருக்கும் மண்ணின் இரும்பும் கரைந்து கணக்கில் ஏறும்.

பிஎச்சை ஆய்வகத்தில் பார்ப்பது

கிணற்றடியிலேயே பாருங்கள்.

கோடையில் மட்டும் போவது

இங்கே பெருமழை அக்டோபர் முதல் டிசம்பர் வரை. மழைக்கு முன்னும் பின்னும், இரண்டு தடவையாவது போக வேண்டும்.

ஒப்பீட்டுக் கிணறு இல்லாமல் தொடங்குவது

சுரங்கத்தின் பாதிப்பு எட்டாத தூரத்தில், அதே அடுக்கில், அதே ஆழத்தில் இரண்டு கிணறாவது வேண்டும்.

"0" என்று எழுதுவது

கருவியால் கண்டறிய முடிந்த மிகக் குறைந்த அளவு என்ன என்று கேட்டு, அதற்குக் கீழே என்று எழுதுங்கள்.

முடிவைக் கிணற்றுக்காரருக்குச் சொல்லாமல் போவது

தாளைத் தமிழில் எழுதி வீட்டுக்கே கொண்டுபோய்க் கொடுத்து, உட்கார்ந்து படித்துக் காட்டுங்கள். கிணறு 7-இல் நடந்தது எனக்குத் தெரியவந்ததே அந்தக் கூட்டத்தில் வாசித்ததால்தான்.