காலை அளவும் மாலை அளவும்: என் ஆஸ்துமா அனுபவம்

விடியற்காலையில் நெஞ்சு இறுகி இருமலுடன் எழுவேன். பகலில் மருத்துவரிடம் செல்லும்போது மூச்சு சீராக இருக்கும். ஆஸ்துமாவில் மூச்சுக்குழாய்கள் பெரும்பாலும் விடியற்காலையில் அதிகம் சுருங்கிப் பிற்பகலில் தளர்வதால், பகல்நேரச் சோதனை மட்டும் முழு நிலையைக் காட்டிவிடாது. ஆகவே, மருத்துவரின் யோசனைப்படி பீக் ஃப்ளோ மீட்டர் (மூச்சை எவ்வளவு வேகமாக வெளியே ஊத முடிகிறது என்று அளக்கும் சிறு கருவி) ஒன்றை வாங்கி, காலையில் இன்ஹேலர் எடுப்பதற்கு முன்பும் மாலையிலும், நின்றபடி மூச்சை முழுமையாக உள்ளிழுத்து, உதடுகளால் குழாய்முனையை இறுகப் பற்றி, ஒரே வீச்சில் வேகமாக மூன்று முறை ஊதி, அவற்றுள் மிக உயர்ந்த அளவையே (சராசரியை அல்ல, இது முக்கியம்) குறித்துவந்தேன்.

ஒரு நாளின் இரு அளவுகளுக்கும் உள்ள வேறுபாட்டை அவற்றின் சராசரியால் வகுத்து 100ஆல் பெருக்கினால் அன்றைய ஏற்றத்தாழ்வு கிடைக்கும். நிமிடத்துக்குக் காலையில் 320 லிட்டர், மாலையில் 400 லிட்டர் என்றால், அது சுமார் 22 சதவீதம். பெரியவர்களுக்கு ஓரிரு வாரச் சராசரி 10 சதவீதத்தைத் தாண்டினாலே அது மிகை.

குறிப்பேட்டைப் பார்த்த மருத்துவர், அழற்சியைக் குறைக்கும் ஸ்டீராய்டு இன்ஹேலரை அன்றாடம் எடுக்கச் சொன்னார். காலை அளவு மெல்ல உயர்ந்து மாலை அளவை நெருங்கியது. இப்போதும், எனது சிறந்த அளவில் 80 சதவீதத்துக்குக் கீழே இறங்கினால் அவர் எழுதித் தந்த திட்டத்தின்படி நடக்கிறேன். 50 சதவீதத்துக்குக் கீழே என்றால் தாமதமின்றி மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும் என்று வீட்டில் அனைவருக்கும் சொல்லி வைத்திருக்கிறேன்.