நுரை பொங்கும் பால் குளியல் பொடி: வீட்டிலேயே செய்யலாம்

பால் பவுடரை மட்டும் தண்ணீரில் கொட்டினால் தண்ணீர் வெள்ளையாகும், அவ்வளவுதான், நுரை நிற்காது. பாலில் இருக்கிற கொழுப்பே நுரையை அடக்கிவிடும். அதனால் நுரைக்கு எதைச் சேர்ப்பது, எவ்வளவு சேர்ப்பது என்பதில்தான் இந்தப் பொடியின் சூட்சுமம் இருக்கிறது. மற்ற சாமான் எல்லாம் மளிகைக் கடையிலேயே கிடைக்கும்.

நுரைக்கான பொருளின் பெயர் சோடியம் லாரைல் சல்ஃபோஅசிடேட். சோப்பு செய்யும் பொருட்கள் விற்கிறவர்களிடமும் ஆன்லைனிலும் எஸ்எல்எஸ்ஏ என்று கேட்டு வாங்கலாம். கடைசி ‘ஏ’ முக்கியம், ஏனென்றால் எஸ்எல்எஸ் என்பது சோடியம் லாரைல் சல்ஃபேட் என்ற வேறு பொருள், அது சருமத்தை இதைவிட அதிகம் வறட்சியாக்கும், இந்தப் பொடிக்கு அது வேண்டாம். சோப்பைத் துருவிப் போட்டால் போதாதா என்று சிலர் கேட்பார்கள். போர் தண்ணீர் வருகிற வீடுகளில் அது சரிவராது, தண்ணீரில் உள்ள கால்சியமும் மக்னீசியமும் சோப்போடு சேர்ந்து திரிதிரியாக மிதக்கும், தொட்டி ஓரத்தில் பிசுக்காக ஒட்டும். எஸ்எல்எஸ்ஏ அப்படித் திரியாது, உப்புத் தண்ணீரிலும் நுரைக்கும்.

அளவுக்கு வருவோம். பால் பவுடர் 200 கிராம், ஆப்ப சோடா 150 கிராம், எஸ்எல்எஸ்ஏ 100 கிராம், கார்ன்ஃப்ளார் 50 கிராம். மொத்தம் அரைக் கிலோ, ஆறேழு குளியலுக்கு வரும். கப் கணக்கில் அளக்காதீர்கள், எஸ்எல்எஸ்ஏ பஞ்சு மாதிரி லேசானது, ஒவ்வொரு முறையும் அளவு மாறிப்போகும், சமையலறைத் தராசு இருந்தால் நல்லது. ஆப்ப சோடா என்பது பேக்கிங் சோடா, பேக்கிங் பவுடர் இல்லை. கார்ன்ஃப்ளார் என்றால் வெள்ளையான ஸ்டார்ச், மஞ்சள் நிற மக்காச்சோள மாவு தண்ணீரில் அடியில் தங்கிவிடும்.

பால் பவுடர் வாங்கும்போது பாக்கெட்டின் பின்பக்கத்தைக் கட்டாயம் படியுங்கள். டீக்குப் போடுகிற டெய்ரி ஒயிட்னரில் பெரும்பாலும் சர்க்கரை சேர்த்திருப்பார்கள், அதில் குளித்தால் உடம்பு பிசுபிசுக்கும். பால் மட்டுமே உள்ள பவுடராகப் பாருங்கள். கொழுப்பு நீக்காதது சருமத்துக்கு மென்மையாக இருக்கும், ஆனால் சீக்கிரம் காறல் வாடை வரும். கொழுப்பு நீக்கியது அதிக நாள் இருக்கும், நுரையும் கூட வரும். அடிக்கடி குளிக்கிற ஆளாக இருந்தால் முதலாவது, செய்து வைத்து நிதானமாகப் பயன்படுத்துவதாக இருந்தால் இரண்டாவது என்பது என் கருத்து.

நிறைய பேர் இதில் சிட்ரிக் அமிலமும் சேர்ப்பார்கள், சோடாவோடு சேர்ந்து தண்ணீரில் பொங்கும், பார்க்க நன்றாக இருக்கும். சென்னை, தூத்துக்குடி போன்ற கடற்கரை ஊர்களில் இருப்பவர்கள் அதைப் பொடியோடு கலந்து வைக்க வேண்டாம் என்பேன். காற்றில் இருக்கிற ஈரமே போதும், டப்பாவுக்குள்ளேயே இரண்டும் வினைபுரிந்து வாயு கிளம்பும், பொடி கட்டியாகிவிடும், இறுக்கி மூடிய கண்ணாடி பாட்டிலாக இருந்தால் அழுத்தம் ஏறி ஆபத்துகூட. பொங்கியே ஆகவேண்டும் என்றால் 75 கிராம் சிட்ரிக் அமிலத்தைத் தனி டப்பாவில் வைத்துக்கொண்டு, குளிக்கும்போது இரண்டு ஸ்பூன் போடுங்கள்.

சரி, கலக்கலாம். முதலில் மின்விசிறியை நிறுத்துங்கள், மூக்கையும் வாயையும் மறைக்கிற மாஸ்க் போடுங்கள். இதைச் சும்மா சொல்லவில்லை, எஸ்எல்எஸ்ஏ மிக நுண்ணிய தூள், கொஞ்சம் பறந்தாலே தும்மலும் இருமலும் பிடுங்கி எடுக்கும். குழந்தைகளைப் பக்கத்தில் விடாதீர்கள். ஈரமே இல்லாத பெரிய பாத்திரத்தில் சோடாவைக் கொட்டி, வாசனைக்கு லாவெண்டர் எண்ணெய் இருபது சொட்டு விட்டு, கையுறை போட்ட விரல்களால் கட்டியில்லாமல் நன்றாகத் தேய்த்துவிடுங்கள். இலவங்கப்பட்டை, கிராம்பு எண்ணெய்கள் எரிச்சல் தரும், தவிர்த்துவிடுங்கள். தேங்காய் எண்ணெய், பாதாம் எண்ணெய் எதையும் சேர்க்க வேண்டாம், நுரை செத்துப்போகும், தொட்டியும் வழுக்கும். அப்புறம் பால் பவுடரையும் கார்ன்ஃப்ளாரையும் சலித்துச் சேர்த்துக் கிளறுங்கள். எஸ்எல்எஸ்ஏ கடைசியில்தான், அதையும் அடித்துக் கலக்காமல் கரண்டியால் அடியிலிருந்து மெதுவாகப் புரட்டுங்கள். ரோஜா இதழ் போட ஆசைப்பட்டால் குளிக்கும் நேரத்தில் மெல்லிய துணிப்பையில் கட்டிப் போடுங்கள், இல்லையென்றால் தண்ணீர் போகும் குழாய் அடைத்துக்கொள்ளும்.

பயன்படுத்தும் விதத்தில்தான் பாதி நுரை இருக்கிறது. தொட்டி நிறைந்த பிறகு தூவினால் பொடி கரையும், நுரை வராது. குழாயை வேகமாகத் திறந்து, தண்ணீர் விழுகிற இடத்தில் அரை கப் போட வேண்டும். வெதுவெதுப்பான தண்ணீர் போதும், பதினைந்து இருபது நிமிடம் இருந்துவிட்டு நல்ல தண்ணீரில் உடம்பை அலசிக்கொள்ளுங்கள். நம் ஊரில் தொட்டி உள்ள வீடுகள் குறைவு, அதற்காக விட்டுவிட வேண்டாம். அகலமான பேசினில் இரண்டு ஸ்பூன் போட்டு, சொம்பிலிருந்து உயரமாகத் தண்ணீர் ஊற்றினால் நுரை எழும், நாள் முழுக்க நின்று வேலை பார்த்தவர்களின் கால்களுக்கு அது அவ்வளவு சுகம்.

ரோமப் பேரரசன் நீரோவின் மனைவி பொப்பேயா கழுதைப்பாலில் குளிப்பதற்காக 500 கழுதைகளைக் கூடவே ஓட்டிச் சென்றதாக ரோமானிய எழுத்தாளர் பிளினி எழுதியிருக்கிறார். நாம் போடுவது ஒரு பிடி பால் பவுடர், அதுவும் தொட்டித் தண்ணீரில் நீர்த்துப்போகும். ஆகவே நிறம் மாறும், சுருக்கம் போகும் என்றெல்லாம் எதிர்பார்க்காதீர்கள். சருமம் கொஞ்ச நேரம் மிருதுவாக இருக்கும், மனசுக்கு இதமாக இருக்கும். அதற்காகவே செய்யலாம்.

பால் ஒவ்வாமை உள்ளவர்களுக்கு இது கூடவே கூடாது. தேங்காய்ப் பால் பவுடருக்கு மாறினாலும் கவனம் தேவை, பல பாக்கெட்டுகளில் பால் புரதமான கேசினேட் இருக்கும். கைக்குழந்தைகளுக்கு வேண்டாம். அடிக்கடி சிறுநீர்த் தொற்று வருகிற பெண்களும் நுரைக் குளியலைத் தவிர்ப்பது நல்லது.

காய்ந்த பாட்டிலில் போட்டு, சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்றை உள்ளே வைத்து, காய்ந்த ஸ்பூனால் மட்டும் எடுங்கள். மூன்று மாதத்துக்குள் தீர்த்துவிடுங்கள், காறல் வாடை வந்தால் தயங்காமல் கொட்டிவிடுங்கள். பார்க்க அப்படியே பால் பவுடர் மாதிரி இருக்கும் என்பதால் சமையலறையில் வைக்கவே வைக்காதீர்கள், யாராவது டீயில் போட்டுவிடுவார்கள். ‘குளியல் பொடி, சாப்பிடக் கூடாது’ என்று தமிழில் பெரிதாக எழுதி ஒட்டி, குழந்தைகள் கைக்கு எட்டாத இடத்தில் வையுங்கள். குளித்து முடித்ததும் தொட்டியையோ பேசினையோ உடனே கழுவிவிடுங்கள், காலையில் கழுவலாம் என்று விட்டால் புளித்த பால் வாடை குளியலறை முழுக்க நிற்கும்.