போர்ஜியா தொடரைப் பற்றிக் கதைக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

1500 ஐ ஒட்டி ரோமில் பாப்பரசராக இருந்த ஆறாம் அலெக்சாண்டர் (ரொட்ரிகோ போர்ஜியா), அவருடைய பிள்ளைகள் சேசாரே, ஹுவான், லுக்ரேசியா ஆகியோரின் கதையைச் சொல்லும் போர்ஜியா குடும்பத்துத் தொடரைப் பார்த்தவர்கள் நாலு பேர் கூடினால் வாக்குவாதம் வராமல் போகாது. திருகோணமலையில் சைவரும் கத்தோலிக்கரும் முஸ்லிம்களும் ஒரே மேசையில் இருந்து பார்க்கிற தொடர் இது. சூடு கொஞ்சம் கூடத்தான் இருக்கும். ஆனால் பெரும்பாலான சண்டைக்கு மதம் காரணமில்லை. திரையில் வந்தது, அந்தக் காலத்து ஆட்கள் எழுதி வைத்தது, பிற்காலத்தில் கட்டிவிட்ட கதை ஆகிய மூன்றையும் ஒரே சட்டியில் போட்டுக் கிண்டுவதுதான் காரணம்.

முதலில் எந்தத் தொடர் என்று சொல்லிவிட்டுக் கதையுங்கள். 2011 இல் இரண்டு வந்தன. நீல் ஜோர்டான் உருவாக்கிய ‘தி போர்ஜியாஸ்’ தொடரில் ஜெரமி அயர்ன்ஸ் பாப்பரசராக நடித்தார். மூன்று சீசன், 29 எபிசோட், 2013 இல் நின்றுவிட்டது. டொம் பொன்டானாவின் ‘போர்ஜியா’ தொடரில் அதே வேடம் ஜோன் டோமனுக்கு. அது 2014 வரை ஓடியது. “பாப்பரசர் சாகிற காட்சி எப்படி?” என்று ஒருவர் கேட்க, “அவர் சாகவே இல்லையே” என்று மற்றவர் சொன்னால், இருவரும் பார்த்தது வேறு வேறு தொடராக இருக்கலாம். ஜோர்டானின் தொடர் இத்தாலியின் போர்லி நகரக் கோட்டை விழுவதோடு, அதாவது 1500 ஜனவரிக் கணக்கில், முடிந்துவிடுகிறது. ஆறாம் அலெக்சாண்டர் இறந்தது 1503 ஓகஸ்ட் 18. இரண்டாம் சீசன் முடிவில் நஞ்சு கொடுக்கப்படுவதால்தான் பலருக்கு அவர் செத்துப்போனதாக ஒரு நினைப்பு. சீசனையும் எபிசோடையும் சொல்லிவிட்டு ஆரம்பித்தால் பாதிச் சண்டை அங்கேயே தீர்ந்துவிடும்.

அதிகம் அடிபடுவது ஹுவானின் கொலை. ஜோர்டானின் தொடரில் அண்ணன் சேசாரேதான் கொல்கிறான். அதை வைத்துக்கொண்டு “சேசாரே தம்பியைக் கொன்றவன்” என்று வரலாறாகவே எழுதிவிடுகிறார்கள். கொலையாளி யாரென்று இன்றுவரை நிரூபிக்கப்படவில்லை. பதிவில் இருப்பதைப் பாருங்கள்: 1497 ஜூன் 14 இரவு, தாய் வனோசாவின் வீட்டு விருந்து முடிந்து போனவர் திரும்பவில்லை. ஜூன் 16 இல் தைபர் ஆற்றிலிருந்து உடலை எடுத்தார்கள். கழுத்து அறுபட்டிருந்தது, மொத்தம் ஒன்பது காயம், உடுப்பு அப்படியே, பணப்பையில் 30 டுக்கட் (அந்தக் காலத்துத் தங்க நாணயம்) அப்படியே. அதனால் கொள்ளைக்காகச் செய்தார்கள் என்பது எடுபடாது. ஆற்றங்கரையில் மரம் இறக்கிக் காவல் இருந்த வியாபாரி ஒருவர், வெள்ளைக் குதிரையில் ஒரு உடலைக் கொண்டுவந்து ஆற்றில் எறிந்ததைக் கண்டதாகச் சாட்சி சொன்னார். ஏன் முறையிடவில்லை என்று கேட்டதற்கு, இந்த இடத்தில் நூறு உடலாவது எறிவதைப் பார்த்திருக்கிறேன், எவரும் வந்து விசாரித்ததில்லை என்றாராம். பாப்பரசரின் சடங்கு அதிகாரி யொஹான் புர்கார்டின் நாட்குறிப்பில் இது இருக்கிறது. எந்தத் திரைக்கதையும் இந்த ஒரு பதிலுக்கு ஈடாகாது. அன்றைய ரோமாபுரி எப்படி இருந்தது என்பது இதற்குள்ளேயே இருக்கிறது.

ஜெம் விஷயமும் இப்படித்தான். துருக்கிச் சுல்தானின் தம்பியான அவரைப் பணத்துக்காகப் ஜோர்டானின் தொடரின் முதல் சீசனில் போர்ஜியாக்களே முடித்துவிடுகிறார்கள். உண்மையில் அவரை ரோமில் பிணையாக வைத்திருப்பதற்கென்றே சுல்தான் இரண்டாம் பயசீத் ஆண்டுக்கு 40,000 டுக்கட் அளவில் அனுப்பிக்கொண்டிருந்தார். உயிரோடு இருந்தால்தான் வருமானம். அவர் இறந்தது 1495 பெப்ரவரியில், பிரெஞ்சு அரசன் எட்டாம் சார்ள்ஸ் ரோமிலிருந்து அழைத்துக்கொண்டு போன பிறகு.

லுக்ரேசியாவைப் பற்றிக் கதைக்கும்போது வயதைக் கட்டாயம் நினைவில் வையுங்கள். முதல் கலியாணம் 1493 இல்; அவளுக்கு 13 வயது. அண்ணனோடும் தகப்பனோடும் தகாத உறவு என்ற பேச்சு, அந்தக் கலியாணத்தை ரத்துச் செய்ய வழக்கு நடந்தபோது, அவமானப்பட்ட கணவன் ஜியோவானி ஸ்போர்சாவின் பக்கத்திலிருந்து கிளம்பியது. ஜோர்டானின் தொடர் மூன்றாம் சீசனில் அண்ணனோடான உறவை நடந்ததாகவே காட்டுகிறது. அவளிடம் இருந்ததாகச் சொல்லும் நஞ்சு வைத்த மோதிரத்துக்கும் ஆதாரம் கிடையாது. அதேநேரம், தொடரைப் பிடிக்காத கத்தோலிக்க நண்பர்கள் எல்லாமே பொய் என்று மறுப்பதும் சரியில்லை. பாப்பரசருக்குப் பிள்ளைகள் இருந்தார்கள், அவரே ஏற்றுக்கொண்டார், பட்டமும் பதவியும் கொடுத்தார்.

எங்கள் ஊருக்கென்று ஒரு தவறு இருக்கிறது. “1493 இல் இந்தப் பாப்பரசர்தான் உலகத்தைப் பிரித்து இலங்கையைப் போர்த்துக்கேயருக்குக் கொடுத்தார், கோணேசர் கோயில் போனது அவரால்” என்பது. அந்த ஆணைப்பத்திரத்தை வாசித்தால் லாபம் ஸ்பெயினுக்கு என்று தெரியும்: அசோரஸ், கேப் வேர்ட் தீவுகளுக்கு மேற்கே 100 லீக் (பழைய தூர அளவு) தூரத்தில் கோடு, அதற்கு அப்பால் காஸ்டீலுக்கு, அதாவது ஸ்பெயின் பக்கத்துக்கு. திருப்தியில்லாத போர்த்துக்கல் நேரே பேசி 1494 இல் தோர்தெசிலாஸ் உடன்படிக்கையில் அந்தக் கோட்டினை 370 லீக்குக்குத் தள்ளியது. அதற்குப் பாப்பரசரின் ஒப்புதல் கிடைத்தது 1506 இல், இரண்டாம் ஜூலியஸிடமிருந்து. அவர் வேறு யாருமில்லை, தொடர் முழுக்கப் போர்ஜியாக்களைத் துரத்துகிற கர்தினால் டெல்லா ரோவேரேதான்.

போர்ஜியா குடும்பத்தை இந்தக் கதைக்குள் கொண்டுவர வேண்டுமென்றால் சரியான ஆளைப் பிடியுங்கள். 1455 இல் பாப்பரசர் ஐந்தாம் நிக்கலஸ் போர்த்துக்கேயருக்குக் கொடுத்த உரிமைகளை 1456 இல் உறுதிப்படுத்தியவர் அடுத்த பாப்பரசர் மூன்றாம் கலிஸ்துஸ், ரொட்ரிகோவின் (ஆறாம் அலெக்சாண்டரின்) தாய்மாமன். மருமகனைக் கர்தினாலாக்கியவரும் அவரே. போர்த்துக்கேயர் இலங்கைக்கு வந்தது 1505 இல். போர்த்துக்கேயத் தளபதி கொன்ஸ்தந்தீனு த சா கோணேசர் கோயிலை இடித்து அந்தக் கற்களைக் கோட்டைக்கு எடுத்தது 1622–1624 காலத்தில். தொடர் காட்டும் ஆண்டுகளுக்கும் அதற்கும் இடையில் 120 வருடத்துக்கு மேல். தொடர்பு இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் நேர்கோடு கிடையாது.

அரசியல் சிந்தனையாளர் மக்கியவெல்லி முதல் சீசனிலேயே, புளோரன்சை ஆண்ட மெடிசிக்களின் பக்கத்தில் நிற்பதை நம்பிவிட வேண்டாம். மெடிசிகள் புளோரன்சை விட்டுத் துரத்தப்பட்டது 1494 இல், மக்கியவெல்லி அங்கே அரசுப் பதவிக்கு வந்தது 1498 இல்.

பெயர்களில் வழுக்குவது எளிது. லுக்ரேசியாவின் இரண்டாவது, மூன்றாவது கணவர்கள் இருவருமே அல்போன்சோ. ஒருவர் அரகன், மற்றவர் எஸ்தே. வம்சப் பெயரையும் சேர்த்தே எழுதுங்கள். வட்ஸ்அப் குழுவில் மூன்றாம் சீசன் பார்த்து முடிக்காதவர் இருந்தால், அரகன் அல்போன்சோவுக்கு 1500 இல் என்ன நடந்தது என்று எழுதுவதற்கு முன் ஒரு வரி எச்சரிக்கை போட்டுவிட்டு எழுதுங்கள்.