மூணு வயசு வாண்டை லைப்ரரிக்கு பழக்குறது எப்படி

வீட்டு வரி ரசீது கையில இருந்தா எடுத்துப் பாருங்க, அதுல நூலக வரின்னு ஒண்ணு தனியா போட்டிருக்கும். தமிழ்நாட்டுல சொத்து வரியில ரூபாய்க்கு 10 பைசா கணக்குல லைப்ரரிக்குன்னு வாங்குறாங்க, 1948ல வந்த பொது நூலகச் சட்டம் பண்ண வேலை. இந்திய நூலகத் துறையோட தந்தைன்னு சொல்ற சீர்காழிக்காரர் எஸ்.ஆர்.ரங்கநாதன் அதுக்காக அவ்ளோ மெனக்கெட்டிருக்காரு. ஆக காசு நாம ஏற்கெனவே கட்டியாச்சு, போறது மட்டும்தான் பாக்கி.

முதல் தடவை குழந்தை இல்லாம நீங்க மட்டும் போங்க. நிறைய கிளை நூலகத்துக்கு லீவு வெள்ளிக்கிழமைதான், ஞாயித்துக்கிழமை திறந்திருக்கும், கேட்டுட்டு போங்க. நான் போனப்ப சின்னப் பிள்ளைங்க புக் எல்லாம் ஒரு பீரோவுல பூட்டி இருந்துச்சு, கேட்டா "கிழிச்சிடுவாங்கம்மா"ன்னாங்க. கோவம் வந்துச்சு, ஆனா அவங்க சைடுலயும் நியாயம் இருக்கு, புக் தொலைஞ்சா பதில் சொல்ல வேண்டியது அவங்கதானே. கிழிஞ்சா ஒட்டித் தர்றேன், தொலைச்சா பணம் கட்டுறேன்னு சொல்லி செல்லோடேப்போட போய் நின்னேன், அடுத்த வாரம் பீரோ திறந்துச்சு. உங்க பேர்ல மெம்பர் கார்டு போட்டுக்கோங்க.

குழந்தையை கூட்டிட்டுப் போறப்ப வயிறு நிறைஞ்சிருக்கணும், தூக்கம் முடிஞ்சிருக்கணும், இது ரெண்டும் இல்லேன்னா அன்னைக்கு கிளம்பவே வேணாம். 20 நிமிஷம் போதும். அழுவ ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடியே வெளிய வந்துடணும், அப்பதான் அடுத்த வாரம் அதுவே செருப்பை மாட்டிட்டு நிக்கும். புக்கை அதுவே எடுக்கட்டும், தலைகீழா பிடிச்சா பிடிக்கட்டும், திருத்தாதீங்க.

வீட்டுக்கு வந்து எப்படி வாசிக்கிறதுங்குறதுலதான் நம்மள்ல பாதிப்பேர் தப்பு பண்றோம். முதல் வரியில இருந்து கடைசி வரி வரைக்கும் கடகடன்னு படிச்சு முடிக்கிறது வாசிக்கிறது இல்ல. படத்தைக் காட்டி "இந்த ஆடு எங்க போகுது"ன்னு கேளுங்க, கேட்டுட்டு சும்மா இருங்க, மனசுக்குள்ள அஞ்சு எண்ணுங்க, பதில் சொல்ல சின்னதுக்கு டைம் வேணும், நாம முந்திக்கிட்டு சொல்லிட்டா அது பேசுறதையே விட்டுடும். "கடைக்கு"ன்னு சொன்னா சிரிச்சுட்டு விட்டுடாதீங்க, "ஓ கடைக்கா, ஆடு கடையில என்ன வாங்கப் போகுது"ன்னு இன்னும் கொஞ்சம் நீட்டுங்க. இப்படி மாத்தி மாத்தி பேசுறதுதான் இந்த வயசுல படிப்பு, எழுத்தெல்லாம் அப்புறம். ஒரே கதையை நாப்பது தடவை கேக்கும், நமக்குத்தான் போரடிக்கும், அதுக்கு ஒவ்வொரு தடவையும் ஒரு புது வார்த்தை பிடிபடுது.

அ ஆ எழுத வைக்கணும்னு கையைப் பிடிச்சு அழுத்தாதீங்க ப்ளீஸ். மூணு வயசுல மணிக்கட்டு எலும்பே முழுசா முத்தியிருக்காது. பூண்டு உரிக்க விடுங்க, சப்பாத்தி மாவு உருட்ட விடுங்க, வாசல்ல கோலப்பொடியைக் குடுத்து கிறுக்க விடுங்க, விரலுக்கு பலம் அங்கதான் வருது. இட்லி எண்ணி தட்டுல வைக்கச் சொல்லுங்க. பாட்டி கூட பல்லாங்குழி ஆடுனா எண்ணிக்கையும் வந்துடும், ஒண்ணொண்ணா போடுற பொறுமையும் வந்துடும், ஆனா வாயில போட்டுக்குற வயசுன்னா புளியங்கொட்டை, சோழி பக்கமே விடாதீங்க, தொண்டையில சிக்கும்.

அடுத்தது ஊரைச் சேர்க்கணும். இதுதான் கஷ்டம், ஆனா இதுலதான் பலன் ஜாஸ்தி. தெருவுல நாலஞ்சு வீட்டுப் பிள்ளைங்களைச் சேர்த்து ஞாயித்துக்கிழமை காலையில ஒரே நேரத்துக்கு லைப்ரரி திண்ணையில உக்காருங்க, பத்துப் பேருக்கு மேல சேர்க்காதீங்க, சந்தைக்கடை ஆகிடும். உள்ள பேப்பர் படிக்கிற பெரியவங்க முறைப்பாங்க. எங்க ஊர்ல ரொம்ப முறைச்ச தாத்தாகிட்ட போய் "ஒரு கதை சொல்லுங்க தாத்தா"ன்னு கேட்டோம், முதல்ல தெரியாதுன்னாரு, அப்புறம் நரி கதை ஒண்ணு ஊளையோட சொன்னாரு, இப்ப நாங்க அஞ்சு நிமிஷம் லேட்டா போனா அவர்தான் திட்டுறாரு.

அங்கன்வாடியை சத்துமாவு வாங்குற இடம்னு மட்டும் நினைச்சுடாதீங்க. 1975ல ஐசிடிஎஸ், அதாவது அங்கன்வாடியை நடத்துற ஒருங்கிணைந்த குழந்தைகள் வளர்ச்சித் திட்டம், தொடங்கினதுல இருந்தே பால்வாடிப் படிப்பும் அதுல ஒரு அங்கம், ரெண்டு வயசு முடிஞ்ச பிள்ளைங்களுக்கு பாட்டு, கதை, விளையாட்டுன்னு போகும். அங்கன்வாடி டீச்சருக்கு எடை போடுறது, ரெஜிஸ்டர் எழுதுறதுன்னு வேலை தலைக்கு மேல கிடக்கு, அதனால குறை சொல்றதுக்கு பதிலா வாரம் ஒரு நாள் நாலு லைப்ரரி புக்கோட போய் அரை மணி நேரம் கதை சொல்லட்டுமான்னு கேளுங்க. உங்க கார்டுல எடுத்த புக்கு, கணக்கு நீங்களே வச்சுக்கோங்க.

பெரிய லைப்ரரி ஆசையா இருந்தா சென்னை கோட்டூர்புரத்துல அண்ணா நூற்றாண்டு நூலகம், மதுரையில 2023ல திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகம், ரெண்டுலயும் குழந்தைங்களுக்கு தனிப் பிரிவு இருக்கு. லீவுல ஒரு நாள் போய்ட்டு வரலாம், ஆனா வாராவாரம் நடந்து போற லைப்ரரிதான் பழக்கத்தை உண்டாக்கும். பக்கத்துல எதுவுமே இல்லேன்னா குழந்தைங்க புக் போடுற பிரதம் புக்ஸ் பதிப்பகத்தோட ஸ்டோரிவீவர் சைட்ல தமிழ்க் கதைங்க இலவசமா கிடைக்கும், போனை பிள்ளை கையில குடுக்காம நீங்க பிடிச்சு வாசிங்க, இல்ல பிரிண்ட் எடுத்து நூலால தைச்சுக்கோங்க.

புக்கைத் திருப்பிக் குடுக்குற நாள்ல ஒரு அழுகை கட்டாயம் உண்டு. அதுக்கு நான் கண்டுபிடிச்ச ஒரே வழி, நூலகர்கிட்ட புக்கை குழந்தையையே நீட்டச் சொல்றது, அடுத்த புக்குல தேதி சீல் குத்துறப்ப ஸ்டாம்ப் பேடை அதை பிடிச்சுக்க விடச் சொல்றது. சட்டையில மை ஆகும், பரவால்ல.