எலுமிச்சை தடவிய முகத்தோடு வெயிலில் போகாதீர்கள்

கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸ் கடைகளில் நலங்கு மாவு, கஸ்தூரி மஞ்சள், ஆவாரம்பூ, வெட்டிவேர் எல்லாம் இப்போதும் கிடைக்கின்றன. அவற்றை இளம் பெண்கள் தேடி வாங்குவதைப் பார்க்கும்போது மகிழ்ச்சியாக இருக்கிறது. ஆனால் பொருளை வாங்குகிறோமே தவிர, பாட்டி அதைப் பயன்படுத்திய முறையைக் கேட்டுக்கொள்வதில்லை. பெரும்பாலும் அதனால்தான் தோல் கெடுகிறது.

முதலில் எலுமிச்சை. கரும்புள்ளி போகும் என்று சாற்றை நேராக முகத்தில் தேய்க்கிறார்கள். நம் தோல் லேசான அமிலத்தன்மை கொண்டது, அதன் பிஎச் அளவு 5-ஐ ஒட்டி இருக்கும். எலுமிச்சைச் சாற்றுக்கோ 2-ஐ ஒட்டித்தான்; எண் குறையக் குறைய அமிலம் கூடும். எரிச்சலோடு போனால் பரவாயில்லை. எலுமிச்சையில், குறிப்பாக அதன் தோலில், பியூரானோகூமரின் என்ற பொருள் இருக்கிறது. அது பட்ட இடத்தில் வெயில் விழுந்தால் ஓரிரு நாளில் சிவந்து கொப்புளமாகும். ஒரு தைப்பூசத்தின்போது பத்துமலையில் தண்ணீர்ப் பந்தலில் காலை முழுக்க எலுமிச்சை பிழிந்தாள் என் தங்கை. மறுநாள் புறங்கையெல்லாம் கொப்புளம். ஆறிய பிறகும் கருமை போக மாதக்கணக்கானது. கையிலேயே இப்படி என்றால் முகத்தை நினைத்துப் பாருங்கள். கோலாலம்பூர் நிலநடுக்கோட்டிலிருந்து 3 பாகைதான் தள்ளி இருக்கிறது. இங்கே ஆண்டு முழுக்க இதே வெயில்தான்.

அடுத்து கஸ்தூரி மஞ்சள். பளிச்சென்ற மஞ்சள் நிறப் பொடியைப் பார்த்தால் சந்தேகப்படுங்கள். நல்ல கஸ்தூரி மஞ்சள் வெளிறிய நிறத்தில், கற்பூரம் போன்ற மணத்தோடு இருக்கும், முகத்தில் அவ்வளவாகக் கறை பிடிக்காது. சமையல் மஞ்சள்தான் நாள் முழுக்க ஒட்டிக்கொண்டு நிற்கும்.

நலங்கு மாவைக் குழைத்துப் பூசி, காய்ந்து இறுகும்வரை விடுகிறார்களே, அது பழைய வழக்கமே இல்லை. எண்ணெய் தேய்த்த உடம்பில், அந்த எண்ணெய்ப் பிசுக்கை எடுக்கத்தான் மாவு. ஈரத்தோடு மெல்லத் தேய்த்து உடனே கழுவிவிடுவார்கள். எண்ணெய் இல்லாத முகத்தில் இறுக விட்டு, பிறகு சுரண்டி எடுத்தால் தோல் வறண்டுபோகும். அப்புறம், மாவு டப்பாவைக் குளியலறையில் வைக்காதீர்கள். இந்த ஊர் ஈரக்காற்றில் கட்டி பிடித்துப் பூஞ்சை வந்துவிடும். குழைத்தது மிஞ்சினால் கொட்டிவிடுங்கள், ஐஸ் பெட்டியில் எடுத்துவைக்க வேண்டாம்.

வீட்டுத் தொட்டியில் கற்றாழை வளர்க்கிறீர்களா? வெட்டிய மடலைப் பத்துப் பதினைந்து நிமிடம் நிமிர்த்தி வைத்தால் மஞ்சள் பால் வடியும். அரிப்பைக் கொண்டுவருவது அதுதான். அது வடிந்த பிறகு நன்றாகக் கழுவி, உள்ளே இருக்கும் கூழை மட்டும் எடுங்கள்.

பருவுள்ள முகத்துக்குத் தேங்காய் எண்ணெய் வேண்டாம், துளைகளை அடைத்துவிடும். உடம்புக்கும் தலைக்கும் தாராளமாகத் தேய்க்கலாம்.

எந்தப் பொருளானாலும், முழங்கையின் உள்பக்கம் கொஞ்சம் தடவி ஒரு நாள், முடிந்தால் இரண்டு நாள் பாருங்கள். செடியிலிருந்து வந்தது என்பதற்காக எல்லார் தோலும் அதை ஏற்றுக்கொள்ளாது.

கடைசியாக, பசார் மாலாமில், அதாவது இரவுச் சந்தையில், "மூலிகை" என்று சொல்லி விற்கும் வெண்மைக் கிரீம்கள். ஒரே வாரத்தில் முகம் வெளுத்தால் பயப்படுங்கள். இப்படிப்பட்ட கிரீம்கள் சிலவற்றில் பாதரசம் இருப்பதாகச் சுகாதார அமைச்சு பலமுறை எச்சரித்திருக்கிறது. பாதரசம் சிறுநீரகத்தையே கெடுக்கும். மலேசியாவில் விற்கும் அழகுப் பொருளுக்கு NOT என்று தொடங்கும் அறிவிப்பு எண் இருக்க வேண்டும். அந்த எண்ணை தேசிய மருந்து ஒழுங்குமுறை நிறுவனத்தின் இணையதளத்தில் தட்டிப் பார்த்துவிட்டு வாங்குங்கள்.