விம்மா ஈமேக்ஸா? கலாய்க்கிறதுக்கு முன்னாடி இந்தத் தப்பெல்லாம் பண்ணாதீங்க

கோட் எழுதுற எடிட்டர் புரோகிராம்ல எது ஒசத்தி, விம்மா ஈமேக்ஸான்னு புரோகிராமருங்க போடுற சண்டைய நெசமான சண்டைன்னு நம்பி இறங்குறதுதான் எல்லாத்தையும் விட பெரிய தப்பு. விஐ (விம்மோட மூதாதை), ஈமேக்ஸ் ரெண்டுமே 1976ல பொறந்தது, ஒண்ணு பெர்க்லில பில் ஜாய் எழுதினது, இன்னொண்ணு எம்ஐடி ஏஐ லேப்ல டெக்கோங்கிற பழைய எடிட்டருக்கு மேல மேக்ரோவா (கமாண்டு தொகுப்பா) ஆரம்பிச்சது, அன்னைலேர்ந்து ரெண்டு கோஷ்டியும் ஓட்டிக்கிட்டேதான் இருக்கு. ஈமேக்ஸ உருவாக்கின ரிச்சர்ட் ஸ்டால்மன் மேடையில அங்கி மாட்டிக்கிட்டு, பழைய கம்ப்யூட்டர் டிஸ்க் ஒண்ண தலையில ஒளிவட்டமா வச்சுக்கிட்டு ஈமேக்ஸ் சபை புனிதரா வந்து நிப்பாரு. ரோமன் எண்ல விஐ-ன்னா ஆறு, மூணு தடவ எழுதினா 666, அதனால அது சாத்தானோட எடிட்டர்ம்பாரு. அப்ப விஐ யூஸ் பண்றது பாவமான்னு கேட்டா, ஃப்ரீ வெர்ஷனா இருந்தா பாவம் இல்ல, பிராயச்சித்தம்னு பதில் வரும். இதுக்குப் போய் ஆபீஸ் குரூப்ல மெமரி கணக்கெல்லாம் போட்டு பாரா பாராவா பதில் எழுதுறவர் ஜோக்க கொன்னுட்டாருன்னு அர்த்தம்.

அடுத்தது, மாட்டிக்கிட்டவன பாத்து சிரிக்கிறது. விம்ல இருந்து எப்படி வெளிய வர்றதுன்னு ஸ்டாக் ஓவர்ஃப்ளோங்கிற புரோகிராமர் கேள்வி-பதில் சைட்ல 2012ல ஒருத்தர் கேட்ட கேள்வி 2017க்குள்ள பத்து லட்சம் பார்வைய தாண்டிருச்சு. புதுசா சேர்ந்த பையன் கோட்ல மாத்தினத பதிவு பண்ற கிட் கமிட் கமாண்ட மெசேஜ் குடுக்காம அடிச்சிருப்பான், திடீர்னு விம் தொறந்து நிக்கும், அவன் என்ன பண்ணுவான்? மொதல்ல பதில சொல்லுங்க, எஸ்கேப், கோலன், க்யூ, ஆச்சரியக்குறி, என்டர். அப்புறமா கலாய்ங்க. பதறிப் போய் கன்ட்ரோல் இசட் அடிச்சா விம் மூடாது, பின்னாடி போய் தூங்கும், எஃப்ஜின்னு டைப் பண்ணா திரும்ப வரும். டெர்மினலயே (கமாண்டு அடிக்கிற விண்டோவ) இழுத்து மூடினா, விம் தற்காலிகமா வச்சிருக்கிற ஸ்வாப் ஃபைல் தங்கிரும், அடுத்த தடவ அதே ஃபைல தொறக்கும்போது பெருசா ஒரு எச்சரிக்கை வரும், அத படிக்காமலே என்டர தட்டுறது தனி தப்பு. இதுல உச்சம் கேப்ஸ் லாக். கோலன் போட்டு சின்ன எக்ஸ் அடிச்சா சேவ் பண்ணிட்டு வெளிய வரும், பெரிய எக்ஸ் அடிச்சா ஃபைல பூட்டுறதுக்கு சாவி குடுன்னு கேக்கும், மனுசன் பதட்டத்துல எதையோ அடிச்சு, திரும்ப கேட்டதும் அதையே அடிச்சு, சேவும் பண்ணிட்டு போயிருவான், மறுநாள் தொறந்தா குப்பை மாதிரி எழுத்து. (விம்லேர்ந்து பிரிஞ்ச நியோவிம்ல இந்த வசதியையே தூக்கிட்டாங்க, நல்ல காரியம்.)

பழைய ஜோக்க தேதி பாக்காம எடுத்து விடுறதும் உண்டு. ஈமேக்ஸ்னா எட்டு மெகாபைட், எப்பவும் ஸ்வாப்பிங் (மெமரி பத்தாம டிஸ்க்குக்கு மாத்தி மாத்தி எழுதுறது)னு ஒரு காலத்துல சொல்லுவாங்க. இப்ப போன்ல எடுக்கிற சில ஃபோட்டோவே அந்த சைஸ் வருது, அதுவும் இத விஎஸ் கோட்ங்கிற புது எடிட்டர் ஆளு சொன்னா, தம்பி உன் எடிட்டர் ஒரு முழு குரோமியம் பிரவுசர வயித்துக்குள்ள வச்சிருக்குன்னுதான் திருப்பி வரும். ஈமேக்ஸ் நல்ல ஆபரேட்டிங் சிஸ்டம்தான், அதுல ஒரு நல்ல எடிட்டர்தான் கொறங்கிறது இன்னும் பழசு, ஆனா அதுக்கு ஈமேக்ஸ்காரங்க குடுத்த பதில் தெரியாம சொல்லாதீங்க, ஈவில்னு ஒரு பேக்கேஜ் போட்டு விம்மோட கீ எல்லாத்தையும் உள்ளயே கொண்டாந்துட்டாங்க. டெட்ரிஸ், மனநல டாக்டர் மாதிரி பேசுற புரோகிராம், ஒரு வெப்காமிக் கிண்டலுக்காகவே சேத்த பட்டாம்பூச்சி கமாண்டு, எல்லாம் உள்ள இருக்கு. தங்களையே இப்படி ஓட்டிக்கிற ஆளுங்ககிட்ட போய் அரைகுறையா பேசினா நமக்குத்தான் அசிங்கம்.

ஜோக் இல்லாதத ஜோக்குன்னு நெனைக்கிறதும் நடக்குது. விம் தொறந்தா உகாண்டா ஏழைக் குழந்தைங்களுக்கு உதவுங்கன்னு ஒரு வரி வரும், அது நெசம். 1991ல விம்ம வெளியிட்ட பிராம் மூலனார் காசு கேக்காம அந்த உதவியத்தான் கேட்டாரு, 2023ல காலமாயிட்டாரு, அந்த வரிய வச்சு மட்டும் காமெடி பண்ணாதீங்க.

அப்புறம் இந்த விஞ்ஞானப் பேச்சு. விம்ல கர்சர நகத்துற எச் ஜே கே எல் கீய ஆராய்ச்சி பண்ணி வச்சாங்க, விரலுக்கு சுகம்னு சிலர் அடிச்சு விடுவாங்க. பில் ஜாய் வச்சிருந்த ஏடிஎம்-3ஏ (ADM-3A) டெர்மினல் மெஷின்ல அந்த நாலு கீ மேலயே அம்புக்குறி அச்சடிச்சிருந்துச்சு, எஸ்கேப்பும் இப்ப டேப் இருக்கிற எடத்துல இருந்துச்சு, அவ்ளோதான் கதை. அந்தப் பக்கமும் இதே கதைதான், எம்ஐடில இருந்த லிஸ்ப் மெஷின்ங்கிற கம்ப்யூட்டரோட கீபோர்டுல, ஈமேக்ஸ்ல ஓயாம அழுத்துற கன்ட்ரோல் கீ ஸ்பேஸ் பாருக்கு பக்கத்துல இருந்துச்சு, இப்ப மூலைக்கு போயிருச்சு, சுண்டுவிரல் வலிக்குது. விசுவாசத்த காட்டுறேன்னு வலிய தாங்காதீங்க, கேப்ஸ் லாக்க கன்ட்ரோலா மாத்துங்க.

கான்ஃபிக்ல, அதாவது எடிட்டர் செட்டிங்ல நடக்கிற கூத்த தனியாவே எழுதலாம். யாரோ ஒருத்தரோட டாட்ஃபைல்ஸ (செட்டிங் ஃபைலுங்கள) மொத்தமா காப்பி அடிச்சுட்டு, எந்த வரி என்ன பண்ணுதுன்னே தெரியாம, ரிலீஸ் அன்னைக்கு காலைல பிளகின் அப்டேட் போட்டு ஒடச்சுக்கிட்டு உக்காந்திருப்பாங்க. இதுக்கப்புறம் எல்லாத்தையும் அழிச்சுட்டு வெறும் ஃபைல்ல இருந்து ஆரம்பிக்கிறத ஈமேக்ஸ் ஆளுங்க ஈமேக்ஸ் திவால்ம்பாங்க. உங்க கான்ஃபிக் உங்க மெஷினோட இருக்கட்டும். சேவ் பண்ணா தானா ஃபார்மட் ஆகுற மாதிரி வச்சுக்கிட்டு, ரெண்டு வரி மாத்தினதுக்கு முழு ஃபைலையும் டிஃப்ல (மாத்தின வரிங்க பட்டியல்ல) கொண்டாந்தா ரிவ்யூ பண்றவன் சிரிக்க மாட்டான்.

தமிழ்ல டைப் பண்றவங்களுக்கு ஒண்ணு. கீபோர்டு தமிழ்ல இருக்கும்போது விம் நார்மல் மோடுக்கு (கீ எல்லாம் கமாண்டா மாறுற நிலைக்கு) வந்தா எந்த கீயும் வேல செய்யாது, ஹேங் ஆயிருச்சுன்னு திட்டாதீங்க. ஈமேக்ஸ்ல உள்ளயே தமிழ் இன்புட் இருக்கு, கன்ட்ரோல் எச் அடிச்சு மறுபடி எச் அடிச்சா பல மொழி வணக்கத்துக்கு நடுவுல நம்ம வணக்கமும் வரும். இந்த ரவுண்டு ஈமேக்ஸுக்கு.

கடைசியா, பெரிய ஆளுங்கள சாட்சிக்கு கூப்பிடாதீங்க. லினக்ஸ உருவாக்கின லினஸ் டோர்வால்ட்ஸ் எங்க ஆளுன்னு ஈமேக்ஸ்காரங்க சொன்னா, அவரு வச்சிருக்கிறது மைக்ரோஈமேக்ஸ்ங்கிற வேற சின்ன எடிட்டர், அதுவும் தானே ஒட்டுப்போட்ட வெர்ஷன். லினக்ஸ் கர்னலோட (லினக்ஸோட மையப் பகுதியோட) கோடிங் ஸ்டைல் டாக்குமென்ட்லயே, எண்ணிக்கையில்லாத குரங்குங்க க்னூ ஈமேக்ஸ்ல (ஸ்டால்மனோட ஈமேக்ஸ்ல) தட்டிக்கிட்டே இருந்தாலும் ஒரு நல்ல புரோகிராம் வராதுன்னு எழுதி வச்சிருக்கு. விம் ஆளுங்க ரொம்ப குஷியாக வேணாம், அவரு உங்க பக்கமும் வரல.