பேரிஜம் ஏரிக்குப் போக இ-பாஸ் மட்டும் போதாது

கொடைக்கானல் ஏரி என்றால் எல்லோருக்கும் ஊர் நடுவில் இருப்பதுதான் ஞாபகம் வரும். மதுரை கலெக்டராக இருந்த வேர் ஹென்றி லெவிஞ் 1863இல் உருவாக்கிய அந்த நட்சத்திர ஏரிக்குப் பெரிதாகத் திட்டம் எதுவும் தேவையில்லை. போய் இறங்கி வாடகை சைக்கிளில் ஒரு சுற்று வந்தால் முடிந்தது.

பேரிஜம் அப்படியில்லை. ஊரிலிருந்து இருபது கிலோமீட்டருக்குச் சற்று மேல், முழுக்க வனத்துறை கட்டுப்பாட்டில் இருக்கும் காட்டுக்குள் இருக்கிறது. பெரியகுளத்துக்குக் குடிதண்ணீர் போவது இங்கிருந்துதான். அதனால் படகும் கிடையாது, இறங்கிக் குளிக்கவும் கூடாது. "அப்போ அங்கே என்னதான் இருக்கு?" என்று கேட்பவர்கள் தயவுசெய்து நட்சத்திர ஏரியோடு நின்றுகொள்ளுங்கள், உங்களுக்கும் நல்லது, காட்டுக்கும் நல்லது.

முதலில் தேதி. ஏப்ரல், மே வேண்டாம். மலைப்பாதையில் வண்டிக்குள் உட்கார்ந்தே பாதி நாள் போய்விடும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. என் ஓட்டு ஜனவரி, பிப்ரவரிக்கு: விடியற்காலையில் உறைபனி விழும், ஆனால் வானம் தெளிவாக இருக்கும். குறிஞ்சிப் பூ பார்க்கத்தான் வருகிறீர்கள் என்றால் 2030 வரை பொறுங்கள், கடைசியாகப் பூத்தது 2018இல். பேரிஜத்துக்கு வழக்கமாகச் செவ்வாய்க்கிழமை விடுமுறை, எனவே அந்த நாளைத் தவிர்த்துத் திட்டமிடுங்கள்.

அடுத்து இ-பாஸ். சென்னை உயர்நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே 7 முதல் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் இது கட்டாயம். அரசின் இ-பாஸ் தளத்தில் கைபேசி எண்ணைக் கொடுத்து உள்ளே போய், வண்டி எண், ஆட்களின் எண்ணிக்கை, வரும் நாள், போகும் நாள், தங்கும் இடம் ஆகியவற்றை நிரப்பினால் கியூஆர் குறியோடு பாஸ் வந்துவிடும். ஆளுக்கு ஒன்று எடுக்க வேண்டாம், வண்டிக்கு ஒன்று போதும். 2025 கோடை சீசனில் கொடைக்கானலுக்கு வாரநாளில் 4000, வார இறுதியில் 6000 வண்டிகள் என்று வரம்பு வைத்தார்கள், ஆகவே சீசன் என்றால் முன்கூட்டியே எடுத்துவிடுங்கள். அரசுப் பேருந்தில் வந்தால் இந்த வேலையே இல்லை.

இனிமேல்தான் விஷயமே. இ-பாஸ் உங்கள் வண்டியைக் கொடைக்கானல் ஊருக்குள் விடுவதற்கு மட்டும். பேரிஜத்துக்கு வனத்துறை தனியாக அனுமதி கொடுக்க வேண்டும். இரண்டுக்கும் ஒன்றோடொன்று சம்பந்தமே இல்லை. நாங்கள் பேரிஜம் போகும் வழியில் இருக்கும் மோயர் பாயின்ட் சோதனைச்சாவடியில் நின்றபோது முன்னால் இருந்த காரில் ஒரு குடும்பமே கைபேசியை நீட்டி இ-பாஸைக் காட்டிக்கொண்டிருந்தது. காவலர் பொறுமையாகத்தான் சொன்னார், ஆனால் வண்டி திரும்பித்தான் போனது.

ஒரு நாளைக்கு இத்தனை வண்டி என்று கணக்கு வைத்துத்தான் அனுமதி தருகிறார்கள். எனவே முந்தின நாளே கொடைக்கானலில் வனத்துறையிடம் மூன்று கேள்விகளைக் கேட்டுவிடுங்கள். நாளைக்கு ஏரி திறந்திருக்கிறதா? அனுமதிச் சீட்டை எங்கே, எத்தனை மணிக்கு வாங்க வேண்டும்? என் வண்டியை உள்ளே விடுவீர்களா? பைக்கில் போக நினைப்பவர்கள் கடைசிக் கேள்வியை மறக்கவே கூடாது. திறந்திருக்கிறதா என்று கேட்கச் சொல்வதற்குக் காரணம் யானை. ஏரிப் பக்கம் யானைக்கூட்டம் வந்து நின்றுவிட்டால் வழியை மூடிவிடுவார்கள். சில சமயம் அது நாள் கணக்கில் நீளும். அதனால் பேரிஜத்தைக் கடைசி நாளில் வைக்காதீர்கள். முதல் நாள் கிடைக்காவிட்டாலும் மறுநாள் ஒரு வாய்ப்பு இருக்கும்.

சொந்தக் காரா, உள்ளூர் டாக்சியா? யோசிக்காமல் டாக்சி என்பேன். எந்த நாளில் வழி மூடியிருக்கிறது என்பது உள்ளூர் ஓட்டுநருக்கு உங்களுக்கு முன்பே தெரிந்திருக்கும். போகிற வழியில் தொப்பித் தூக்கிப் பாறை, மதிகெட்டான் சோலை, அமைதிப் பள்ளத்தாக்கு என்று எங்கே நிறுத்தலாம், எங்கே கூடாது என்பதும் அவருக்குத் தெரியும். காலையிலேயே கிளம்புங்கள். மதியத்துக்கு மேல் மூடுபனி இறங்கினால் ஏரி இருக்கும் இடமே தெரியாது.

பையில் ஸ்வெட்டர், மழைக்கோட்டு, எவர்சில்வர் தண்ணீர் பாட்டில். ஐந்து லிட்டருக்குக் குறைவான பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலுக்குக் கொடைக்கானலில் தடை, பிடிபட்டால் பாட்டிலுக்கு 20 ரூபாய் பசுமை வரி. பிரெட் ஆம்லெட், சோளம் எல்லாம் மோயர் பாயின்ட்டிலேயே முடித்துக்கொள்ளுங்கள். அதைத் தாண்டினால் சிக்னலை நம்பக்கூடாது, எனவே அனுமதிச் சீட்டு, இ-பாஸ் இரண்டையும் காகிதத்தில் வைத்திருப்பதுதான் எனக்குப் பிடித்த வழி.

பின்சேர்க்கை: இதைப் படித்துவிட்டு, "மேப்பில் பேரிஜத்திலிருந்து மூணாறுக்கு ரோடு காட்டுதே, அப்படியே போயிடலாமா?" என்று சிலர் கேட்டிருந்தார்கள். முடியாது. அது இரண்டாம் உலகப்போர் காலத்தில் தப்பிக்கும் சாலை என்று பேர் வாங்கிய பழைய பாதை, பொதுப் போக்குவரத்துக்கு மூடிப் பல வருஷம் ஆகிறது. மூணாறு போக வேண்டுமென்றால் கீழே காட்ரோடு வரை இறங்கி, தேவதானப்பட்டி, பெரியகுளம், தேனி, போடி வழியாக போடிமெட்டு ஏறித்தான் போக வேண்டும். அதற்குத் தனியாக ஒரு நாள் ஒதுக்கிக்கொள்ளுங்கள்.